நடுக் கதிரை

மூன்று பேருக்கு ஒரு கணினி. நான் பங்குபற்றிய நிரலாக்கப் போட்டியின் முதல் விதி இதுதான். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேசை, மூன்று கதிரைகள். விசைப்பலகை நடுக் கதிரைக்கு முன்னால் இருக்கும். ஒருவர் நடுவில் இருந்து நிரல் எழுதும்போது மற்ற இருவரும் தாளில் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், படம் வரையலாம், தணிந்த குரலில் கதைக்கலாம். யாருடைய வழி சரியென்று படுகிறதோ அவர் நடுக் கதிரைக்கு வர, அங்கிருந்தவர் எழும்ப வேண்டும். அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. நான் எழும்பவில்லை. எழுத வேண்டியதெல்லாம் அதைப் பற்றித்தான்.

நீர்ப்பாசனப் பொறியியலாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் துளையிட்ட அட்டைகளில் நிரல் எழுதியிருக்கிறேன். அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் விடை அடுத்த நாள்தான் கிடைக்கும். ஒரு தரிப்புக்குறி பிழைத்தால் இன்னொரு நாள் போகும். பிறகு வேலை, வாய்க்கால், பிள்ளைகள் என்று அது மறந்துபோனது. மனைவி மௌத்தான பின்னர் வீட்டில் பகல் நேரம் நீண்டுகொண்டே போனதால், கல்முனைப் பிரதான வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த தனியார் கல்லூரியில் கணினி டிப்ளோமாவுக்குப் பதிந்தேன். முதல் நாள் நான் வகுப்பறைக்குள் போனபோது பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று ஸலாம் சொன்னார்கள், விரிவுரையாளர் என்று நினைத்து. நான் பின்வரிசையில் போய் இருந்ததும்தான் சிரித்தார்கள்.

அந்த வகுப்பில் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். சாய்ந்தமருதுப் பிள்ளை, தகப்பன் மீன் வியாபாரி. அதிகம் கதைக்க மாட்டாள். கேள்வியை இரண்டு தரம் வாசிப்பாள், பிறகு நகத்தால் மேசையில் ஏதோ கீறுவாள், அதற்குப் பிறகு அவள் எழுதினால் வெட்டித் திருத்த வேண்டியிருக்காது. அவளுக்குத் துணை பாண்டிருப்பிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை. அது வாயாடி. எந்த நிரலைக் காட்டினாலும் அது எங்கே உடையும் என்று தேடிப் பிடிப்பதில் அதற்கு ஒரு குஷி. இரண்டு பேரும் ஒரே வாங்கில்தான் இருப்பார்கள்.

போட்டி அறிவித்தல் வந்தபோது இவர்களுக்கு மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. வகுப்பில் நன்றாக நிரல் எழுதக்கூடிய பையன்கள் இருந்தார்கள். ஆனால் போட்டி நடந்தது பக்கத்து மாவட்டத்தில் ஒரு வளாகத்தில். விடியப் போய்ப் பின்னேரம் திரும்பும் பயணம். பையன் ஒருவனோடு அணி சேர்ந்து போக சாய்ந்தமருதுப் பிள்ளையின் வாப்பா விடமாட்டார். வேறு பெண்பிள்ளை யாரும் முன்வரவில்லை. அப்போதுதான் பாண்டிருப்புப் பிள்ளை பின்வரிசைக்கு வந்து, "சேர், நீங்களும் பதிஞ்ச மாணவன்தானே?" என்று கேட்டது. விதிகளைப் பார்த்தோம். பதிவு செய்த மாணவராக இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. வயதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏற்பாட்டாளர்கள் தொலைபேசி எடுத்து, பிறந்த ஆண்டைப் பிழையாக நிரப்பிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார்கள்.

வாப்பா என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். என்னைவிட இருபது வயது குறைந்த மனிதர், மீன் லொறியில் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் போய்வந்து கறுத்துப்போனவர்.

"சேர் கூடப் போறதெண்டா எனக்குப் பயமில்ல," என்றார். "புள்ளய விடுறன்."

அவரே இன்னொன்றையும் சொன்னார். அடுத்த வருடம் மகளுக்குத் தொழிற்பயிற்சி இருக்கிறது. அதைக் கொழும்பில் செய்ய வேண்டும் என்று அவள் வீட்டில் நச்சரிக்கிறாள். இந்தப் போட்டியில் முதல் இரண்டு இடம் வரும் அணிகள் கொழும்பில் இறுதிச் சுற்றுக்குப் போகும். அங்கே கம்பனிக்காரர்கள் வந்து பயிற்சிக்கு ஆட்களைப் பிடிப்பார்கள். கொழும்பை ஒட்டிய தெஹிவளையில் அவருடைய ராத்தா, மூத்த சகோதரி, வீடு இருப்பதால் தங்குவதும் பிரச்சினை இல்லை. "கொழும்புக்குப் போறளவு தலை இரிக்கெண்டு அந்தப் போட்டி சொல்லட்டும் சேர். அப்ப விடுறன். இல்லாட்டி இஞ்ச கல்முனைக்குள்ள செய்யட்டும்."

ஆக, அந்தப் பிள்ளைக்கு அந்தப் போட்டி என்ன என்பது எனக்குத் தெரியும். நான் எதற்காகச் சேர்க்கப்பட்டேன் என்பதையும் அவர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இரண்டையும் தெரிந்துகொண்டுதான் போட்டிக்குப் போகும் வான் வண்டியில் ஏறினேன்.

எங்கள் கல்லூரியிலிருந்து பையன்களின் அணி ஒன்றும் அதே வானில் வந்தது. எங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் மூத்தாப்பா டீம், அதாவது தாத்தா அணி. களுவாஞ்சிக்குடி தாண்டும்போது ஒருவன் பின்னாலிருந்து, "சேர், ஒங்கட காலத்துல கம்பியூட்டர் தண்ணியிலயா ஓடின?" என்று கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் அவனுக்கு ஒரு பதிலை வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

மண்டபத்தில் இருபது இருபத்தைந்து மேசைகள் இருந்தன. ஒரு கேள்விக்குச் சரியான நிரலை அனுப்பினால் அந்த அணியின் கதிரையில் ஒரு பலூனைக் கொண்டுவந்து கட்டுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு நிறம். பிழையான நிரலை அனுப்பினால் சத்தமில்லை, ஆனால் பின்னர் அந்தக் கேள்வி சரிவந்தால் ஒவ்வொரு பிழைக்கும் இருபது நிமிடம் அணியின் கணக்கில் சேரும். இரண்டு அணிகள் ஒரே அளவு கேள்வி செய்திருந்தால் யாருடைய நேரம் குறைவோ அவர்கள் மேலே.

நான் போனவுடன் நடுக் கதிரையில் இருந்தேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டும் என் பையை வாங்கி வைத்துவிட்டு, நான் இருக்கும்வரை நின்றார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான். சபையில் மூத்தவர் எங்கே இருக்கிறாரோ அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் இருப்பார்கள்.

முதல் கேள்வி இலகு. அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். எனக்கு ஒரு விரலால்தான் தட்டத் தெரியும். பாண்டிருப்புப் பிள்ளை பக்கத்தில் இருந்து என் விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பலூன் வந்தது. இரண்டாவதையும் அப்படியே செய்தோம். மூன்றாவது நான் வைத்த வழி. நேரம் பிடித்தாலும் சரிவந்தது. அத்தோடு எனக்குத் தலை கனத்துவிட்டது.

லுஹருக்கு, நண்பகல் தொழுகைக்கு, நான் எழுந்து போனேன். வளாகத்துக்குள்ளேயே தொழுகை அறை இருந்தது. ஜமாஅத்தோடு தொழுது, அதன் பின்னர் தனியாகத் தொழும் சுன்னத்தும் தொழுது, குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிவர அரை மணி நேரம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால் எங்கள் கதிரையில் புதிதாக இரண்டு பலூன்கள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். நடுவில் சாய்ந்தமருதுப் பிள்ளை இருந்தாள். அவளுடைய பத்து விரல்களும் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. பாண்டிருப்புப் பிள்ளை அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அது இல்லடி, ஒண்டு குறையும்," என்று சொல்ல, அவள் திரும்பாமலே திருத்தினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் அவள் எழும்பினாள்.

நான் அந்தப் பலூன்களைப் பார்த்தேன். எண்ணத் தெரியாதவன் அல்ல நான். நான் இல்லாத அரை மணி நேரத்தில் என்ன நடந்தது, நான் இருந்த நேரம் முழுவதும் என்ன நடந்தது என்பது இரண்டும் அங்கே கட்டித் தொங்கின. அப்போது, "இரி மகள், நீ செய்" என்று சொல்லியிருக்கலாம். நான் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு நடுக் கதிரையில் இருந்தேன்.

அடுத்ததாக நான் எடுத்த கேள்வி ஒரு வாய்க்காலைப் பற்றியது. தாளில் அதைக் கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் உற்சாகம். ஒரு நீண்ட வாய்க்கால், அதன் கரையில் பல காணிகள். ஒவ்வொரு காணியும் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வாய்க்காலைத் தொடுகிறது என்று கொடுத்திருப்பார்கள். எல்லாக் காணிக்கும் தண்ணீர் போக ஆகக் குறைந்தது எத்தனை மடை வைக்க வேண்டும்? வரிப்பத்தான்சேனை வயல் வட்டையிலும் வீரமுனைப் பக்கத்திலும் இந்தக் கேள்வியை நான் காலால் நடந்து செய்திருக்கிறேன். வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைமாரோடு மடைக்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். மேலேயிருந்து காணி காணியாகப் பார்த்துக்கொண்டு போனால் போதும்; ஒரு மடை எட்டாத முதல் காணி வந்ததும் அடுத்த மடை. எழுதினேன். தாளில் கொடுத்திருந்த உதாரணங்களுக்குச் சரியான விடை வந்தது. அனுப்பினேன். பிழை என்று வந்தது.

சாய்ந்தமருதுப் பிள்ளை தாளைத் திருப்பி வாசித்தாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சேர், காணியெல்லாம் ஒழுங்கா வருமெண்டு கேள்வியில எங்கயும் இல்லயே."

"வாய்க்கால்ல காணி ஒழுங்காத்தான் மகள் வரும். தலைமடையில இருந்து கடைசிவரைக்கும் இலக்கம் போட்டிருக்கும். நான் முப்பது வருசம் பாத்தவன்."

"ஓம் சேர்," என்றாள்.

அவள் சொன்னதன் பொருள் இவ்வளவுதான்: கேள்வியில் இருப்பது வாய்க்காலின் பெயர் மட்டும், வாய்க்கால் அல்ல. காணிகளைக் கலைத்துப்போட்டுத் தந்திருக்கலாம். முதலில் நாம்தான் அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும். ஒரு வரி வேலை. உதாரணங்களில் தற்செயலாக ஒழுங்காக இருந்ததால் நான் அதை உலகமே அப்படி என்று எடுத்துக்கொண்டேன். பிழையை வேறு இடங்களில் தேடினேன். எண் கணினிக்குள் அடங்காத அளவு பெரிதாகிவிட்டதோ, எல்லையில் தொடும் காணியை எண்ணாமல் விட்டேனோ என்று மாற்றி மாற்றி அனுப்பினேன். நான்கு தரம் பிழை வந்தது. இடையில் அவள் இன்னொரு கேள்வியைத் தாளில் முழுவதுமாகச் செய்து முடித்து, அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். விசைப்பலகை என்னிடம் இருந்தது.

அப்போது பாண்டிருப்புப் பிள்ளை கேட்டது: "சேர், அசர் எத்தின மணிக்கு?"

"மூண்டே காலுக்கு மகள். ஏன்?"

"ஒண்டுமில்ல சேர். போட்டி ரெண்டரைக்கு முடிஞ்சிரும்."

அது ஏன் கவலையாகச் சொன்னது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு இந்துப் பிள்ளை நம் தொழுகை நேரத்தை அக்கறையாகக் கேட்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

முடிய இருபது நிமிடம் இருக்கும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. கையைத் தூக்கிவிட்டு, சரி, நீ சொன்னதைப் போட்டுப் பார் என்று எழும்பினேன். அவள் ஒரு வரி சேர்த்தாள். பச்சைப் பலூன் வந்தது. உடனே மடியிலிருந்த தாளை எடுத்து வைத்து எழுதத் தொடங்கினாள். பாதி எழுதும்போது மணி அடித்துவிட்டது.

இரண்டாம் இடம் எங்கள் கல்லூரிப் பையன்களுக்கு. அவர்களும் நாங்களும் செய்த கேள்விகள் சம அளவு. நேரக் கணக்கில் நாங்கள் மூன்றாவது. அந்த வித்தியாசம், நான் அனுப்பிய பிழைகளால் எங்கள் கணக்கில் சேர்ந்த நேரத்தை விடக் குறைவு. திரும்பி வரும்போது வானில் யாரும் பகிடி விடவில்லை. பையன்கள் வென்றதைக் கூடச் சத்தமாகக் கொண்டாடவில்லை, எனக்காக அடக்கிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலையில் வாப்பா வந்தார், இரண்டு பாரை மீனோடு. கதிரை நுனியில் இருந்துகொண்டு கேட்டார்.

"சேர் உண்மையச் சொல்லுங்க. புள்ளைக்குத் தலை இரிக்கா? கொழும்புக்கு அனுப்பி அங்க போய் வெக்கப்படக் கூடாது."

நடந்ததைச் சொல்ல இரண்டு வசனம் போதும். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். முப்பது வருடமாக ஆட்கள் எனக்கு முன்னால் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். அந்த இருப்பை இழக்க எனக்கு மனம் வரவில்லை. "கெட்டிக்காரிதான்," என்றேன். "ஆனா போட்டி கஷ்டம். இன்னும் கொஞ்சம் அனுபவம் வேணும்."

"அப்ப இஞ்சயே செய்யட்டும்," என்று எழும்பினார். அவர் தந்த மீனைச் சமைத்துச் சாப்பிட்டேன்.

பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று கல்லூரிக்குச் சொன்னேன். மாடிப்படி ஏற முழங்கால் வலித்தது உண்மை, முன்பும் வலித்தது.

சில மாதங்கள் கழித்து, வீட்டுக் குழாய் ஒழுகியதால் கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். பில் போடும் மேசையில் அவள் இருந்தாள். கடையின் சாமான் கணக்குக்கு நிரல் எழுதுவதுதான் அவளுடைய பயிற்சி. வாடிக்கையாளர் கூடினால் பில்லும் அடிப்பாளாம். என்னைக் கண்டதும் எழும்பிவிட்டாள். முழங்கால் சுகமா என்று கேட்டாள். நான், இங்கே பயிற்சி எப்படி என்று கேட்டேன்.

"பரவாயில்ல சேர். வாப்பா சொன்னார், எனக்கு அனுபவம் காணாதெண்டு நீங்க சொன்னயாம்." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "முதல்ல அழுகதான் வந்த. பிறகு யோசிச்சன், சேர் சொன்னா சரியாத்தான் இரிக்கும்."

குழாய்க்கு வாங்கிய சாமானை மேசையிலேயே மறந்துவிட்டு வெளியே வந்தேன். அவள் என்மேல் கோபமாக இருப்பாள் என்றுதான் இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தேன். அவள் என்னை நம்பிவிட்டாள். வாய்க்காலில் காணி ஒழுங்காக வரும் என்று நான் சொன்னபோது "ஓம் சேர்" என்றவள், தன்னைப் பற்றி நான் சொன்னதற்கும் "ஓம் சேர்" என்றிருக்கிறாள். முந்தியதை அவள் மனதுக்குள் நம்பவில்லை. பிந்தியதை நம்பினாள்.

மறுநாள் கடற்கரையில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனேன். வாப்பா லொறிக்குப் பக்கத்தில் நின்று பெட்டிகளுக்கு ஐஸ் போடுவித்துக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பலூன்கள், லுஹர், வாய்க்கால், நான்கு பிழை, அவளுடைய மடியில் இருந்த தாள். அவர் கையிலிருந்த ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"புள்ளைக்கு அந்த விடை விளங்கின?" என்றார்.

"முதல்லயே விளங்கிட்டு."

"அப்ப ஏன் ஒங்கள எழும்பச் சொல்லல்ல?"

"பெரியவங்களப் பாத்து எழும்புங்க எண்டு சொல்ல நீங்க அவவ வளர்க்கல்லயே."

அவர் கடலைப் பார்த்தார். "அப்ப அது என்ட புழையா சேர்?"

"இல்ல. என்ட புழை."

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாம்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "நான் அதுக்குத்தானே வந்த. எனக்கு அந்தப் படிப்புத் தெரியாது. ஒங்களத்தான் கேட்டன்." பிறகு பெட்டிகளிடம் போய்விட்டார். நான் திரும்பி வந்தேன். பயிற்சிக்குக் கொழும்பில் ஆட்கள் எடுத்து முடிந்திருந்தது. அந்த வருடத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழி இல்லை. இதை எழுதும்போதும் இல்லை.

அடுத்த போட்டி வந்தபோது வாப்பா தொலைபேசி எடுத்தார். மருதமுனையிலிருந்து ஒரு பிள்ளை மூன்றாவதாகச் சேர்ந்திருக்கிறதாம். இந்த முறை தெரிவானால் கொழும்பில் வேலைக்கே விடுவதாக மகளுக்குச் சொல்லியிருக்கிறாராம். மூன்று பெண்பிள்ளைகள், கூடப் போக ஒரு பெரிய ஆள் வேண்டும்.

"நீங்கதான் சேர் போகணும்," என்றார். "ஆனா உள்ளுக்குப் போகாதீங்க."

போனேன். மண்டபத்துக்கு வெளியே நடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. மூன்று பேருடைய பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு அதில் இருந்தேன். உள்ளே போகும்போது பாண்டிருப்புப் பிள்ளை திரும்பி, "சேர், இண்டைக்கு லுஹரக் கொஞ்சம் நீட்டித் தொழுங்க," என்றது. அப்போதுதான் போன வருடம் அது அசரைக் கேட்டதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. ஒரு வருடம் பிந்திச் சிரித்தேன்.

கண்ணாடி ஜன்னலால் அவர்களுடைய மேசையின் ஒரு பக்கம் தெரிந்தது. பார்க்கும் ஒவ்வொரு தரமும் நடுக் கதிரையில் வேறு ஆள் இருந்தாள். ஒருமுறை மருதமுனைப் பிள்ளை எழும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்க, சாய்ந்தமருதுப் பிள்ளை அவளுடைய தோளில் தட்டி ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை உடனே எழும்பியது. லுஹருக்குப் போய் நீட்டித்தான் தொழுதேன். தொழுதபின் கேட்கும் துஆவையும் நீட்டினேன்.

இரண்டாம் இடம் வந்தார்கள். வானில் ஏறியதும் அவள் வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"சேர், இப்ப உண்மையச் சொல்லுங்க," என்றார் அவர். பின்னால் லொறியின் இரைச்சல் கேட்டது. "இந்த முறை எப்பிடி வந்த?"

"நான் வெளிய இருந்தன்," என்றேன்.

அவர் சொன்னார்: "அப்ப கொழும்புக்கும் நீங்களே கூட்டிட்டுப் போங்க. அங்கயும் வெளிய இரிக்க ஆள் வேணும்தானே."